காரணத்தை எழுதிக் கொடுங்கள்

கடந்த ஒரு வருடமாக எங்கள் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு நடக்கிறது. அம்பேத்கரையும் அயோத்திதாசரையும் வாசிக்கிற அதே பெஞ்சில் உட்கார்ந்து, கிட் என்ற மென்பொருளை உருவாக்குகிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சல்களை மாணவர்களோடு வாசிக்கிறோம். கேள்விப்படுகிற தோழர்கள் சிரிக்கிறார்கள். “சமூகப் பணி செய்கிறவர்களுக்குக் கோடிங்கோடு என்ன வேலை?” என்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாகவும், இதே பாதையில் வரப்போகிற மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பொறியியல் படிக்கிற பிள்ளைகள். வீட்டின் முதல் பட்டதாரிகள். அம்மா தூய்மைப் பணியாளராக இருப்பார், அப்பா பெயிண்டராகவோ லோடுமேனாகவோ இருப்பார். இந்தப் பிள்ளைகள் கடைசி ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூ முடித்துவிட்டு வருகிற நாளில் படிப்பகம் அமைதியாகிவிடும். எழுத்துத் தேர்வில் தேறியிருப்பார்கள். கோடிங் சுற்றிலும் தேறியிருப்பார்கள். கடைசிச் சுற்றில் “எந்த ஏரியா? அப்பா என்ன பண்றார்? வீட்டுல வேற யாரு படிச்சிருக்காங்க?” என்று நான்கு கேள்விகள். பிறகு “சொல்லி அனுப்புறோம்.” அவ்வளவுதான். எதுவும் வராது.

ஏன் எடுக்கவில்லை என்று கல்லூரியில் கேட்டால் “கம்யூனிகேஷன் பத்தலையாம்” என்று ஒரு வாய்வார்த்தை கிடைக்கும். எந்தக் கேள்விக்குச் சொன்ன எந்தப் பதில் பத்தவில்லை? யார் அப்படி மதிப்பிட்டார்? அடுத்த முறை எதைச் சரிசெய்ய வேண்டும்? எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தைப் பிள்ளையே நிரப்பிக்கொள்ளும். “நமக்கெல்லாம் இது செட் ஆகாதுக்கா.” நிராகரித்தவர் தரவேண்டிய விளக்கத்தை நிராகரிக்கப்பட்டவரே தன் தலைமேல் ஏற்றிக்கொள்வதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம்.

இது எங்கள் ஊர்க் கல்லூரியோடு நிற்கிற விஷயமும் இல்லை. தில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை விசாரிக்க 2006-இல் அமைக்கப்பட்ட தோரட் குழு, வாய்மொழித் தேர்வுகளிலும் செய்முறைத் தேர்வுகளிலும் அவர்கள் சந்தித்த பாகுபாட்டைப் பதிவு செய்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஒதுக்கீட்டுப் பணியிடங்களுக்கு நேர்காணல் நடத்திவிட்டு, ‘தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை’ என்று ஒரே வரியில் கோப்பை மூடுவது நாடாளுமன்றம் வரை போன புகார். எழுத்துத் தேர்வைவிட வாய்மொழித் தேர்வில் நம்மை வீழ்த்துவது எளிது. அங்கே மதிப்பெண் இருக்கும், காரணம் இருக்காது.

இந்தப் பின்னணியில்தான் கிட் எங்கள் கண்ணில் பட்டது.

ஒட்டுப் போடுகிறவர்கள்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். பலர் சேர்ந்து ஒரு நிரலை எழுதும்போது யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்று கணக்கு வைக்கிற மென்பொருள் கிட். லினக்ஸ் கெர்னலை உருவாக்கியவர்கள் அதுவரை பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவச உரிமத்தில் பயன்படுத்தி வந்தார்கள். 2005-இல் அந்த நிறுவனம் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றது. அடுத்தவர் தயவில் இருப்பதன் ஆபத்து புரிந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல் மாதத்திலேயே கிட்டை எழுதத் தொடங்கினார். ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். 20 ஆண்டுகளாக அவர்தான் பராமரிப்பாளர். இன்று ஐ.டி. துறையில் வேலைக்குச் சேரும் எவரும் முதல் வாரத்திலேயே தொடுகிற கருவி இது.

கிட்டும் ஒரு நிரல்தான் என்பதால் அதையும் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு என்கிற அதே பொருள். நீக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அதற்கு மேலே, ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம். கீழே கையொப்ப வரி. இதை எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். 2005-லிருந்து அங்கே நடந்த உரையாடல்களை இன்றும் எவரும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம்.

அனுப்பிய பேட்சைப் படிக்கிறவர்கள் அதன் வரியை அப்படியே எடுத்துப் போட்டு, அந்த வரிக்குக் கீழேயே தங்கள் கருத்தை எழுதுகிறார்கள். “இந்த வரி இந்தச் சூழலில் உடையும்”, “இதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது”, “விளக்கத்தில் காரணம் இல்லை” என்று எழுதுவார்கள். அனுப்பியவர் ஏற்றுக்கொள்ளலாம், மறுத்து வாதாடலாம். பிறகு இரண்டாம் பதிப்பு வரும். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது, யார் சொல்லி மாறியது என்று அதன் முகப்பில் எழுத வேண்டும். மூன்று, ஐந்து, சிலசமயம் பத்து பதிப்பு வரை போகும்.

ஹமானோ அவ்வப்போது ‘என்ன வெந்துகொண்டிருக்கிறது’ என்கிற பொருளில் ஓர் அறிக்கை அனுப்புவார். நிலுவையில் உள்ள பேட்சுகளின் நிலவரம் அதில் இருக்கும். இது படிக்க ஆள் கிடைக்காமல் நிற்கிறது, இது அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கிறது, இது அடுத்த கட்டத்துக்குப் போகப்போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. நிலுவையில் இருப்பதற்கும் காரணம் எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தபோது, தாசில்தார் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்காக நடையாய் நடந்த எங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்றையும் கவனித்தார்கள். பராமரிப்பாளரே ஒரு திருத்தம் செய்தாலும் அதையும் பட்டியலுக்கு அனுப்பித்தான் கருத்துக் கேட்கிறார். மற்றவர்கள் அவருடைய பேட்சிலும் குறை சொல்கிறார்கள்.

சத்தமில்லாமல் தோற்கும் வரி

எங்கள் மாணவி ஒருவர் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் கிட் பிரிவுக்கு விண்ணப்பிக்க நினைத்தார். அதற்கு முன்நிபந்தனையாக ஒரு சின்ன வேலையை எடுத்து, பேட்சாக அனுப்பி, உரையாடலில் கடைசிவரை நின்று காட்ட வேண்டும். அவர் எடுத்தது சோதனைக் கோப்பு ஒன்றைச் சீர்செய்யும் வேலை.

கிட்டில் எதை மாற்றினாலும் பழையது உடைந்துவிட்டதா என்று பார்க்கச் சோதனை நிரல்கள் உண்டு. பழைய சோதனைகளில், ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்க ‘டெஸ்ட் -எஃப்’ என்ற கட்டளை இருக்கும். கோப்பு இல்லையென்றால் சோதனை தோற்றுவிடும். ஆனால் ஏன் தோற்றது என்று ஒரு வார்த்தையும் வராது. எழுதியவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு மாற்றாக ‘டெஸ்ட்_பாத்_ஈஸ்_ஃபைல்’ என்றொரு துணைக்கட்டளை வைத்திருக்கிறார்கள். அதுவும் அதே சோதனைதான். தோற்றால் மட்டும், இன்ன கோப்பு இல்லை என்று காரணத்தைச் சொல்லிவிட்டுத் தோற்கும்.

“தோத்தா ஏன் தோத்தோம்னு சொல்லணும். இதுக்குத்தான் பேட்சாக்கா?” என்று அவர் கேட்டார். ஆமாம், அதற்குத்தான்.

முதல் பதிப்பை அனுப்பிய மறுநாள் இரண்டு பதில்கள் வந்திருந்தன. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு திறக்கவே இல்லை. “ரிஜெக்ட் பண்ணிட்டாங்கக்கா” என்றார், படிக்காமலே. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். ஒருவர், தலைப்பில் எந்தச் சோதனைக் கோப்பைப் பற்றியது என்ற எண் முதலில் வரவேண்டும் என்று எழுதியிருந்தார். என்ன மாற்றினீர்கள் என்பது பேட்சைப் பார்த்தாலே தெரிகிறது, ஏன் மாற்ற வேண்டும் என்பதை எழுதுங்கள் என்றும் சொல்லியிருந்தார். மற்றவர் ஒரு நுணுக்கமான பிழையைக் கண்டுபிடித்திருந்தார். ஓரிடத்தில் கோப்பு இருக்கக் கூடாது என்பதைச் சோதிக்க வேண்டும். இவர் புதிய கட்டளைக்கு முன்னால் மறுப்புக் குறியை மட்டும் போட்டிருந்தார். அப்படிச் செய்தால், கோப்பு இல்லாமல் சோதனை வெற்றிபெறும்போது ‘கோப்பு இல்லை’ என்று தவறான புகார் வரும். அதற்கென்றே ‘டெஸ்ட்_பாத்_ஈஸ்_மிஸ்ஸிங்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருந்தார்.

அவ்வளவுதான். இரண்டு கடிதத்திலும் அவருடைய ஆங்கிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏரியா எது என்ற கேள்வி இல்லை. சரிசெய்யக்கூடிய மூன்று விஷயங்கள் இருந்தன. அவர் இரண்டாம் பதிப்பு அனுப்பினார். அதில் ஓர் இடைவெளிப் பிழை. மூன்றாம் பதிப்பு ஏற்கப்பட்டது. கோடைத் திட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பெயர் கிட்டின் வரலாற்றில் ஏறிவிட்டது. முக்கியமாக, ‘நமக்கு செட் ஆகாது’ என்ற சொல் அவரிடமிருந்து போய்விட்டது. நான்கு பக்கமும் மூடிய அறையில் கிடைத்த நிராகரிப்பையும், திறந்த வெளியில் எழுத்தில் கிடைத்த திருத்தத்தையும் அவர் இரண்டையும் பார்த்துவிட்டார். இப்போது வேறுபாடு தெரியும்.

‘ஐயா’ இல்லாத மொழி

பேட்ச் அனுப்புகிறவர்களுக்காகக் கிட் குழு ஒரு வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. விளக்கத்தைக் கட்டளை வினையில் எழுத வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ‘மாற்றப்பட்டுள்ளது’, ‘மாற்றியிருக்கிறேன்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. ‘மாற்று’, ‘நீக்கு’, ‘சேர்’ என்று நிரலுக்கு உத்தரவு போடுவதுபோல எழுத வேண்டும்.

எங்கள் மாணவி எழுதிய முதல் வரைவு ‘ரெஸ்பெக்டெட் சார்’ என்று தொடங்கியது. தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்ற பொருளில் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகிய கை அது. அதற்குப் பின்னால் இன்னும் நீளமான வரலாறு இருக்கிறது. எங்கள் தாத்தாக்களை ஊர்த்தெருச் சிறுவர்கள் ‘வாடா, போடா’ என்றார்கள். தாத்தாக்கள் அந்தச் சிறுவர்களைச் ‘சின்னய்யா’ என்றார்கள். ஏவல் வினை யாருடைய வாயில் வரலாம், யாருடைய வாயில் வரக் கூடாது என்று ஊர் முடிவுசெய்து வைத்திருந்தது. அந்த வீட்டிலிருந்து வந்த பெண்ணிடம், கட்டளையாக எழுது, அதுதான் எங்கள் வழக்கம் என்று ஒரு வழிகாட்டி சொல்கிறது. கட்டளை மனிதருக்குப் போகவில்லை, நிரலுக்குப் போகிறது என்றாலும் அந்த வினைச்சொல்லை எழுத அவருக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. பட்டியலில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். 20 வருடப் பராமரிப்பாளரும் வெறும் ஜூனியோதான்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்குப் பிடித்தது. பேட்சின் கீழே எழுதியவரின் பெயர் மட்டும் வருவதில்லை. பிழையை முதலில் சொன்னவர், யோசனை கொடுத்தவர், உதவியவர், சரிபார்த்தவர் என்று தனித்தனி வரிகளில் பெயர்கள் வருகின்றன. ஒரு யோசனை சொன்னவருக்கும் ‘ஹெல்ப்ட்-பை’ என்று ஒரு வரி. கோயில் கல்வெட்டில் கொடை கொடுத்தவர் பெயரைத் தேடி எடுக்க முடிகிறது, கல் சுமந்தவர் பெயரை எங்கே தேடுவது? நம் அமைப்புகளின் துண்டறிக்கைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். கீழே தலைவர் பெயர் இருக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்த தங்கையின் பெயர் இருக்காது.

இதைச் செய்துகாட்டியவர் நம்மிடம் இருக்கிறார்

வரைவைப் பொதுவில் வைப்பது, திருத்தங்களை எழுத்தில் வாங்குவது, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வது ஆகியவற்றை நாங்கள் வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்காகப் பார்க்கவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவு 1948 பிப்ரவரியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1949 நவம்பர் 25 அன்று அவையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், வரைவின்மீது ஏறத்தாழ 7,635 திருத்தங்கள் அளிக்கப்பட்டன, அவற்றில் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன என்று கணக்குச் சொன்னார். முன்மொழிந்தவர் என்ன சொன்னார், வரைவுக் குழுவின் தலைவர் ஏன் ஏற்றார் அல்லது மறுத்தார் என்பதெல்லாம் விவாதத் தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. இன்று எந்தக் கல்லூரி மாணவரும் எடுத்துப் படித்து, ‘இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை’ என்று சொல்லலாம்.

அந்த விவாதங்களையும் கிட் உரையாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. காரணத்தை எழுதி வைப்பவர் அந்தக் காரணத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிறார். அதைக் காட்டி அவரிடமே கேள்வி கேட்க முடியும்.

வாசலில் நிற்கிறவர்கள்

இதை ஒரு சமத்துவபுரமாகக் காட்டுவது எங்கள் நோக்கமில்லை. ‘இங்கே கோடு மட்டும்தான் பேசும், ஆள் யாரென்று பார்ப்பதில்லை’ என்று சொல்கிறவர்களை நாங்களும் கேட்டிருக்கிறோம். தகுதி, திறமை என்று நம்மிடம் பேசுகிறவர்களின் அதே குரல்தான் அது. கோடு பேசுவதற்கு முன்னால் ஒருவர் லேப்டாப் முன் உட்கார வேண்டும். அரசு கொடுத்த லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டால் மின்சாரம் இருக்கும் நேரத்தில்தான் வேலை. மின்னஞ்சல் வடிவம் இல்லாத வெறும் எழுத்தில் போக வேண்டும், அதற்குத் தனி அமைப்புகள் செய்ய வேண்டும். அதிலேயே எங்கள் மாணவிக்கு இரண்டு வாரம் போனது. இப்போது கிட்ஹப் வழியாக அனுப்ப உதவும் கிட்கிட்கேட்ஜெட் என்ற கருவி இருப்பதைப் பிறகுதான் மாணவர்களுக்குக் காட்ட முடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம். பட்டியலில் தொடர்ந்து எழுதுகிறவர்களில் பலர் பெரிய நிறுவனங்களின் சம்பளத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள். எங்கள் பையன் ஒருவன் முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான். மறுபதிப்பு அனுப்ப வேண்டிய வாரத்தில் நான்கு முகூர்த்தம் வந்தால் பேட்ச் அப்படியே நிற்கும். அறிக்கையில் ‘அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கிறது’ என்றுதான் வரும். ஏன் காத்திருக்கிறது என்பது அந்த வரிக்குத் தெரியாது.

திறந்த வெளி என்பதாலேயே அது மரியாதையான வெளி ஆகிவிடாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்கிறோம். லினக்ஸ் கெர்னல் பட்டியலில் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகள் எழுதிய கடுமொழி ஊரறிந்தது. 2018 செப்டம்பரில் அவர் அதற்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் விலகி நின்றார். கெர்னல் அதே மாதத்தில் ஒரு நடத்தை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஒரு சொல்லும் இன்னொரு சொல்லும்

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் கிட் பட்டியலில் ஒரு சொல்லைப் பற்றிய விவாதம் வெடித்தது. கிட்டில் புதிதாக ஒரு களஞ்சியம் தொடங்கினால் அதன் முதன்மைக் கிளைக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர் தானாக வரும். அது மூலப்பிரதி என்ற பொருளில் வந்தது என்றனர் சிலர். கிட்டுக்கு முன்னோடியான பிட்கீப்பரின் உலகில் ‘மாஸ்டர் – ஸ்லேவ்’ என்ற இணைச் சொற்கள் இருந்ததை எடுத்துக்காட்டினர் சிலர். பெயர் மாறினால் பழைய நிரல்களும் பாடங்களும் உடையும் என்றனர் சிலர். பெயரை மாற்றினால் எங்களுக்கு வேலை கிடைத்துவிடுமா என்று பொதுவெளியில் கேட்ட கறுப்பினத்தவரும் இருந்தனர்.

அந்தச் சொல் சிலரைப் புண்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொண்டு, கிட் குழுவும் அதன் தாய் அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வென்சியும் ஜூன் மாதத்திலேயே அறிக்கை வெளியிட்டன. ஜூலையில் வந்த 2.28 பதிப்பில் அந்தப் பெயரை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. கிட்ஹப் நிறுவனம் அக்டோபர் 1 முதல் புதிய களஞ்சியங்களுக்கு ‘மெயின்’ என்று பெயர் வைக்கத் தொடங்கியது. கிட்டும் தன் 3.0 பதிப்பில் ‘மெயின்’ என்பதையே இயல்பான பெயராக்கத் திட்டமிட்டிருக்கிறது.

சொல் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி நமக்குப் பழையது. 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோதும் இதே வாதங்கள் வந்தன. சொல் மாறியதால் தெருவில் சாக்கடை அடைப்பு நீங்கவில்லை. ஆனால் ஆதார் அட்டையில் அந்தச் சொல்லைச் சுமந்து வேலை தேடுகிறவருக்கு அது சின்ன விஷயமும் இல்லை.

அந்த 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியாவில் இன்னொன்றும் நடந்தது. அம்மாநிலத்தின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி அடிப்படையில் பாகுபாடு செய்ததாக சிஸ்கோ நிறுவனத்தின்மீதும் இரண்டு மேலாளர்கள்மீதும் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023-இல் அந்த இருவர்மீதான வழக்கைத் துறையே திரும்பப் பெற்றது. வழக்கின் போக்கு எப்படியிருந்தாலும், சாதி விமானம் ஏறி அங்கே போயிருக்கிறதா என்ற கேள்வி அந்த நாட்டு நீதிமன்றத்தில் முதல்முறையாக இவ்வளவு உரக்கக் கேட்டது. இனத்தைக் குறிக்கும் ஒரு சொல்லுக்காக அந்த மாதம் முழுக்கப் பேசிய மென்பொருள் உலகில், சாதிக்குப் பெரும்பாலான விதிப்புத்தகங்களில் சொல்லே இல்லை.

கிட் 2019-இல் ஒரு நடத்தை விதித்தொகுப்பை ஏற்றது. கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற பொது மாதிரியிலிருந்து எடுத்தது. வயது, இனம், பாலினம், மதம் என்று எந்த அடிப்படையிலும் ஒருவரைத் துன்புறுத்தக் கூடாது என்று அது பட்டியலிடுகிறது. அந்த மாதிரியின் 2.1 பதிப்பு 2021-இல் வந்தபோது, பட்டியலில் ‘சாதி’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. நாங்கள் படிப்பகத்தில் வாசித்த கிட்டின் பிரதி 2.0 பதிப்பைத் தழுவியது. அதில் அந்தச் சொல் இல்லை.

கழித்தல் குறியோடு ஒரு வரி. கூட்டல் குறியோடு அதே வரி, ஒரு சொல் கூடுதலாக. எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த பேட்ச் இதுதான்.

யார் கையெழுத்துப் போடுவது?

மூன்று வாரம் இதையே பேசினோம். “இதுல யோசிக்க என்ன இருக்கு, அனுப்பிடலாம்” என்றான் ஒருவன். “அங்க சாதிப் பாகுபாடு நடந்ததுக்கு என்ன ஆதாரம்னு கேட்பாங்க, நாம வாசிச்சதுல ஒண்ணும் இல்லையே” என்றாள் இன்னொருத்தி. நடந்த பிறகுதான் விதி வேண்டுமென்றால் தீண்டாமை ஒழிப்புக்கு 17-ஆவது கூறை எதற்கு முன்கூட்டியே எழுதினார்கள் என்று மூன்றாமவன் கேட்டான். தீண்டாமை முன்பே நடந்துகொண்டுதானே இருந்தது என்று உடனே பதில் வந்தது. கேலியும் கோபமுமாக நல்ல விவாதம். மேல் மாதிரியைப் புதுப்பிக்கிறோம், அதன் ஒரு பகுதியாகச் சாதி என்ற சொல்லும் வருகிறது என்று எழுதினால் எளிதில் ஏற்பார்கள் என்றார் எங்களில் ஒருவர். சொல்லை ஒளித்துக் கொண்டுபோக வேண்டுமா, விளக்கத்தில் நேராக எழுத வேண்டும் என்றார் மற்றவர்.

கடைசியில் பேச்சு கையெழுத்தில் வந்து நின்றது. பேட்சின் கீழே ஒரு பெயர் வேண்டும். ஏற்கெனவே அங்கே அறிமுகமான பெயர் எங்கள் மாணவியுடையதுதான். கிட்டில் ஒரு மாற்றம் பதிவானால் அதற்கு நீண்ட அடையாள எண் ஒன்று வரும். உள்ளடக்கம், எழுதியவர் பெயர், தேதி, முந்தைய மாற்றத்தின் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. பின்னாளில் ஒரு பெயரை மட்டும் அழிக்க முடியாது. அழித்தால் அதன்பின் வந்த எல்லா எண்களும் மாறும். காரணங்களை அழியாமல் காக்கிற அதே பூட்டு, பெயரையும் அழியாமல் காக்கும். நாளை சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாராவது அவர் பெயரைத் தேடினால், சாதி என்ற சொல்லோடு சேர்ந்து அந்தப் பெயர் வரும். தமிழ்நாட்டுப் பெயரில் சாதிப் பட்டம் இல்லை என்பதால் கிடைக்கிற சின்ன மறைவும் போய்விடும். ‘எந்த ஏரியா’ என்று கேட்கவே வேண்டியிருக்காது.

விலை கொடுக்கப்போவது அவர் என்பதால் அவரை அனுப்பச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை. எங்களில் ஒருவர் பெயரில் அனுப்பலாம் என்றும் சொன்னோம். “நீங்க அங்க ஒரு வரி கூட எழுதுனதில்லையேக்கா. நான் எழுதியிருக்கேன்” என்றார். வரைவு அவரிடம் இருக்கிறது. முதல் வரி கட்டளை வினையில்தான் தொடங்குகிறது. அனுப்புவதும் அனுப்பாததும் அவர் முடிவு. எதைச் செய்தாலும் கூட நிற்போம்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களிடம் மூன்று வேண்டுகோள். கல்லூரியிலோ நிறுவனத்திலோ உங்களை மறுக்கும்போது, மரியாதையாக, எழுத்தில், காரணம் கேளுங்கள். அரசு நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது எழுத்தில் இருக்கும். இரண்டாவது, கணினி படிக்கிறவர்கள் இந்த உரையாடல்களைக் கூட்டமாக உட்கார்ந்து வாசியுங்கள். தனியாகப் படித்தால் திட்டுபோலத் தெரிகிற வரி, நான்கு பேராகப் படிக்கும்போது திருத்தமாகத் தெரியும். மூன்றாவது, நம் அமைப்புக் கூட்டங்களிலும் இதே முறையை வையுங்கள். ஒரு தம்பியின் யோசனையை மறுத்தால் ஏன் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏற்றால் அவர் பெயரை எழுதுங்கள். எங்கள் படிப்பகத்தில் அந்தக் குறிப்பேடு போன மாதம் தொடங்கியிருக்கிறது. இதுவரை 11 பக்கம் நிரம்பியிருக்கிறது, அதில் பாதி எங்களைக் கேள்வி கேட்டு மாணவர்கள் எழுதியவை.